முதுகில் எழுதியது

"கத்தியக் கீழ வை, டெல்லா."

லோர்னா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அந்தப் பெண் பயத்தில் கையை வெட்டிக்கொள்வாள் என்று தோன்றியது. சமையலறை மேசையில் ஆரஞ்சு நிறப் புத்தகப் பை குப்புறக் கிடந்தது. பதினொரு வயது டெல்லா அதன்மேல் குனிந்து, பையின் முதுகில் தைத்திருந்த வெள்ளை எழுத்துகளைக் காய் நறுக்கும் கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தாள். 'அன்புக் கரங்கள்: வளர்ப்புப் பிள்ளைகளுக்கு' என்ற வரியில் கடைசிச் சொல் மட்டும் போயிருந்தது. அந்த இடத்தில் துணியும் கிழிந்திருந்தது.

"கிழிக்கணும்னு கிழிக்கல, மிஸ் லோர்னா. எழுத்து மட்டும் வந்துரும்னு நெனச்சேன்."

"நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. இப்பப் போயி இப்படிப் பண்ணலாமா?"

"அதனாலதான் பண்ணேன்."

டெல்லா கத்தியைக் கழுவித் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். பிறகு சுவரோரமாகப் போய் நின்றாள்.

"எப்ப வருவாங்க?"

"யாரு?"

"என்னைக் கூட்டிட்டுப் போக."

லோர்னாவுக்கு முதலில் புரியவில்லை. டெல்லாவின் அம்மா குணமாகி வரும்வரை என்று சொல்லி, மூன்று வாரங்களுக்கு முன் அவளை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, குழந்தைகள் நல அதிகாரிகள் ஒரு குறையையும் சொல்லியிருந்தார்கள். பொருள்களை நாசம் செய்வாளாம், அதனால்தான் போன வீட்டில் வைத்துக்கொள்ளவில்லையாம். என்ன பொருள், எதற்காக என்று யாரும் சொல்லவில்லை. லோர்னாவும் கேட்கவில்லை.

"போன வீட்டுலயும் இதே மாதிரிப் பைதானா?"

டெல்லா தலையசைத்தாள். "அங்க ஸ்கூல்ல எல்லாரும் என்னை ஆரஞ்சுன்னுதான் கூப்பிடுவாங்க. மொத நாளு யாரும் பேரே கேக்கல. உங்கம்மா ஜெயிலான்னு கேட்டாங்க."

ஒவ்வோர் ஆகஸ்டிலும் தேவாலயக் கூடத்தில் அந்தப் பைகளைக் கொடுப்பார்கள். நோட்டு, பென்சில், கோந்து, வண்ணக்குச்சி எல்லாம் உள்ளே இருக்கும். கமிட்டித் தலைவி திருமதி ஆல்ட்ரிச் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துத் தோளில் மாட்டிவிடுவாள். இந்த வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளைகள் வரத் தொடங்கியதிலிருந்து லோர்னா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டி வந்திருக்கிறாள். நேற்றும் தட்டினாள். நல்ல காரியம்தானே என்று நினைத்திருந்தாள்.

"கடை மூட இன்னும் நேரமிருக்கு," என்றாள். "செருப்பப் போடு."

வீட்டுக் கூடத்தில் அவள் கணவன் டுவெயின் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க கெளம்பிட்டீங்க? பைதான் சும்மா குடுத்தாங்களே?"

"வேற வாங்கப் போறோம்."

"ஆல்ட்ரிச் அம்மாவுக்குத் தெரிஞ்சா? அவங்களப் பகைச்சுக்கிட்டா இந்த ஊர்ல நாய்கூட நம்மளப் பாத்து வாலாட்டாது."

"நம்ம நாய் இப்ப மட்டும் ஆட்டுதா?"

டுவெயின் சிரித்தான். ஆனாலும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர்கள் வண்டியில் ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தான்.

கடையில் நரி முகம் போட்ட பை ஒன்று இருந்தது. ஜரிகைபோல மின்னுகிற பை ஒன்று இருந்தது. டெல்லா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு சாம்பல் நிறப் பையை எடுத்தாள். அதே மாதிரிப் பைகள் அலமாரியில் ஒரு வரிசை முழுக்கத் தொங்கின.

"கண்ணு, நரிப் பை அழகா இருக்கே?"

"இதே மாதிரி நிறைய பேரு வச்சிருப்பாங்கல்ல, மிஸ் லோர்னா?"

"வச்சிருப்பாங்க."

"அப்ப இதுதான்."

வீட்டுக்கு வந்து பொருள்களை மாற்றும்போது பென்சில்களிலும் அதே வரி அச்சாகியிருப்பதைப் பார்த்தார்கள். லோர்னா கத்தியை எடுத்தாள். இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பென்சில்களைச் சுரண்டினார்கள். ஆரஞ்சுத் தூள் மேசையெல்லாம் உதிர்ந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் திருமதி ஆல்ட்ரிச் நின்றிருந்தாள். பக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன். ஆரஞ்சுப் பை மாட்டிய சில பிள்ளைகளைக் கட்டடத்தைப் பார்த்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

"திரும்பாதீங்க கண்ணுகளா. முதுக நல்லா நிமித்துங்க, எழுத்து தெரியட்டும்." பிறகு அவள் பார்வை லோர்னாவின் மேல் விழுந்தது. "வாம்மா லோர்னா! ஒரு பிள்ளை கொறையுதேன்னு பாத்தேன். எங்க அவ?"

டெல்லா அதற்குள் வண்டியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். சாம்பல், நீலம், கறுப்பு என்று பைகள் கும்பலாகப் படியேறிக்கொண்டிருந்தன. அதில் டெல்லா எது என்று லோர்னாவுக்கே தெரியவில்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு சுலபமாக வந்தது.

"அவ உள்ள போயிட்டா. படத்துக்கு வரமாட்டா."

"ஏன்? முகத்தக் காட்ட மாட்டோமே. வளர்ப்புப் பிள்ளைங்க முகத்தப் பத்திரிகையில போடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதுக்குத்தான் திருப்பி நிக்க வச்சிருக்கோம்."

"முகம் தெரியாட்டி என்னங்க? முதுகுல எழுதியிருக்கே."

"அது எங்க கமிட்டி பேரு."

"அதுக்குப் பக்கத்துல இருக்கறதப் படிங்க."

திருமதி ஆல்ட்ரிச்சின் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் தாழ்ந்தது. "தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கறது இதுதான். போன குளிர்காலம் உன் வீட்டுல இருந்த பிள்ளைக்கு நாங்க குடுத்த கோட்டு மட்டும் கசக்கலையோ?"

லோர்னாவுக்குக் காது சுட்டது. வரிசையில் இருந்த சின்னப் பையன் ஒருவன் லேசாகத் திரும்பிப் பார்த்தான். பத்திரிகைக்காரன் அவன் தலையைப் பிடித்து மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை ஷரோண்டா வந்தாள். பிள்ளைகளை வீடுகளில் வைத்துக் கண்காணிக்கும் அதிகாரி. கையில் புத்தம்புது ஆரஞ்சுப் பை.

"என்ன லோர்னா, ஸ்கூல் தொறந்து வாரம் முடியல. அதுக்குள்ள வம்பா?"

"புகாரா?"

"புகார்தான். 'அத்தியாவசியப் பள்ளிப் பொருள்களைக் குழந்தைக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்.' ஆல்ட்ரிச் அம்மா எங்க மாவட்டக் குழுவுலயும் இருக்காங்க. குப்பையில போட முடியாது." பையை மேசையில் வைத்தாள். "பை கிழிஞ்சிருந்தா மாத்திக்கட்டும்னு பெரிய மனசு பண்ணி இன்னொன்னு குடுத்து விட்டுருக்காங்க. இத மாட்டிக்கிட்டு ஒரு படம் போதும். கமிட்டிக்கு அனுப்பி ஃபைல மூடிடறேன்."

"அனுப்பலேன்னா?"

"விசாரணை. அது முடியற வரைக்கும் இவள வேற வீட்டுல வைக்கச் சொல்வாங்க." ஷரோண்டா கண்களைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் புடிக்குதுன்னு நெனைக்கிறியா? வேற வீடு எங்கிட்ட இல்ல, லோர்னா. ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் ஒன்னு கெடைக்கும்."

லோர்னா பதில் யோசிப்பதற்குள் டெல்லா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆரஞ்சுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வெள்ளைச் சுவர்ப் பக்கம் போனாள். யாரும் சொல்லாமலே திரும்பி நின்று முதுகை நிமிர்த்தினாள்.

"சரியா நிக்கறேனா?"

ஷரோண்டா கைபேசியை எடுத்தாள். உயர்த்தவில்லை.

"கழட்டு, கண்ணு," என்றாள் லோர்னா.

"வேணாம் மிஸ் லோர்னா. ஒரு படம்தான? இந்த ஸ்கூல்ல என் பேரு எல்லாருக்கும் தெரியும். நான் இங்கயே இருக்கேன்." சுவரைப் பார்த்தே சொன்னாள்.

லோர்னா அருகே போய் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். வார்களை முழுக்கத் தளர்த்தித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சின்னப் பை, அக்குளில் இறுக்கியது. டெல்லாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள்.

"எடுங்க ஷரோண்டா."

"வெளையாடாத லோர்னா."

"வெளையாடல. பை வந்து சேந்துச்சான்னுதான அவங்களுக்குத் தெரியணும்? சேந்துருச்சு. முகம் கூடாதுன்னும் சட்டம் இருக்கு. தெரியுதா என் முகம்?"

"தல நரைச்சிருக்கறது தெரியுமே!"

"தெரியட்டும். அதையே அனுப்புங்க. கேட்டா நானே மாட்டிக்கிட்டேன்னு என் பேரப் போட்டு எழுதுங்க."

பின்னால் டெல்லா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று லோர்னாவுக்குத் தெரியவில்லை. கைபேசி உயர்ந்ததா என்றும் தெரியவில்லை. கண்ணெதிரே சுவர் மட்டும்தான் இருந்தது.

அந்த எழுத்துகளுக்கு அடியில் அவளுக்கு முதுகு கூசியது.