ஹெல்மோவின் வெளிவாசல்

சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஹெல்மோ கடை திறந்த அன்று காலை, கூட்டம் தெருமுனை வரை நின்றது. எல்லோரும் உள்ளே போகும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் தள்ளி, வெளியே வரும் கதவுக்கு நேராக நின்றார். பழுப்பு நிற ஸ்வெட்டர், கையில் ஊன்றுகோல். நிரூபாவுக்கு அவரைத் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியும். அடிலெய்டில் கடை திறந்தபோதும் இதே இடத்தில் நின்றார். பல்லரட்டிலும் நின்றார்.

ஹெல்மோ ஐரோப்பாவில், ஏதோ ஒரு சிறு ஊரில், ஒற்றைக் கடையாகத் தொடங்கியது. பிறகு பக்கத்து நாடு, அதற்கடுத்த நாடு என்று எல்லை தாண்டித் தாண்டி வந்து ஆஸ்திரேலியாவிலும் இறங்கிவிட்டது. சாமான்களை அட்டைப்பெட்டியோடு அப்படியே அடுக்கி மலிவாக விற்பார்கள். எந்த நாட்டில் எந்தக் கடைக்குள் போனாலும் இடதுபக்கம் பாண் ரொட்டி, கடைசிச் சுவரோரம் பால், நடு வரிசையில் கூடாரமோ தோட்டக் கையுறையோ. தரை ஓடுகூட ஒரே ஓடு. கண்ணை மூடிக்கொண்டே ஒருவர் பாலை எடுத்துவிடலாம் என்பது கம்பெனியின் பெருமை. உள்ளே போகும் தடுப்புக்கதவு ஒருபக்கம்தான் திறக்கும். வெளியே வர வேண்டுமென்றால் கவுண்டர்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

புதுக்கடைகளைத் திறந்து, ஓடப்பழக்கி, கைமாற்றிக் கொடுப்பது நிரூபாவின் வேலை. மெல்பேர்னின் மல்கிரேவில் அவளுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. ஆனால் வருடத்தில் பாதி நாள் வேறு ஊர் ஹோட்டல்களில்தான் கழிந்தது.

கூட்டம் உள்ளே போய் முடிந்ததும் அவள் அந்தப் பெரியவரிடம் போனாள்.

"அங்கிள், உங்களை அடிலெய்டிலயும் கண்டனான். ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை. என்ர மனிசியை."

"உள்ள போயிட்டாவோ?"

"ஓம். ஆனா இந்தக் கடைக்குள்ள இல்லை. ஸ்பிரிங்வேலில."

அவர் பெயர் கதிர்காமநாதன். மெல்பேர்னில் நெடுங்காலம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சில வருடங்களுக்கு முன், ஒரு குளிர்கால மத்தியானம், மனைவி விமலாதேவியை ஸ்பிரிங்வேல் ஹெல்மோவுக்குக் கூட்டிப்போனார். முழங்கால் நோவு என்று அவர் காரிலேயே இருந்துவிட்டார். அவள் பாலும் கொத்தமல்லியும் வாங்கப் போனாள். திரும்பி வரவில்லை.

"பொலிஸ் கமெரா பாத்தவங்கள். உள்ள போறது தெரியுது. பால் இருக்கிற பக்கம் திரும்புறது தெரியுது. பிறகு இல்லை. வெளியில வந்தது ஒரு கமெராவிலயும் இல்லை. ஆனா வெளியில வந்துதான் துலைஞ்சிருப்பா எண்டு எழுதி முடிச்சிட்டாங்கள்." அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் பேசினார். "உள்ள போன ஆள் வெளியில வரேல்லை எண்டால் உள்ளதானே நிக்கவேணும்."

"அங்கிள், அது ஸ்பிரிங்வேல்..."

"எல்லாம் ஒரே கடைதானே பிள்ளை? நீங்கள்தானே அப்பிடி விளம்பரம் போடுறீங்கள். அவளுக்கு அந்த வாசல் பிடிபடேல்லைப் போல. புதுசா ஒண்டு திறந்தால் அதால வரலாம். வாசல் கூடினால் வழி கூடும்."

மனம் குழம்பிய ஆளின் பேச்சு என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்க முடியவில்லை. முந்தின வாரம், சாமான் வருவதற்கு முன்பு, வெறும் கடைக்குள் அவள் தனியாகப் பால் வைக்கும் குளிர்ப்பெட்டிகளைச் சோதிக்கப் போயிருந்தாள். நடக்க நடக்க அந்த வரிசை முடியவில்லை. களைப்பு என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாள். திரும்பி வர இன்னும் நேரம் பிடித்தது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மல்கிரேவ் அலுவலகத்துக்கு வந்ததும் செந்தில்நாதனிடம் பெரியவரைப் பற்றி மட்டும் சொன்னாள். செந்தில்நாதன் கோயம்புத்தூர்க்காரர். புது நாடுகளில் கடை பரப்பும் பொறுப்பு அவருடையது. எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

"அந்தப் பெரியவரா? தெரியும்," என்றார். "மரியாதையா பேசுங்க. ஒரு காபி குடுங்க. விரட்டிடாதீங்க."

"அவர் சொல்லுறதை நீங்கள் நம்புறீங்களோ?"

செந்தில்நாதன் கணினித் திரையை அணைத்தார். "நான் ஹெட் ஆபீஸுக்குப் போயிருந்தப்ப, சாப்பாட்டு மேஜையில ஒருத்தர் பேச்சுவாக்குல சொன்னார். எல்லா நாட்டுலயும் வெளியே வர்ற கதவுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் நிப்பாங்களாம். ரொம்ப சாதாரணமா சொன்னார். மழை வரும்னு சொல்ற மாதிரி. நான் மேல கேட்கல. கேட்கணும்னு தோணல." திரையை மறுபடி போட்டுக்கொண்டே, "அடுத்தது ஆக்லாந்து. நீங்கதான் போறீங்க," என்றார்.

கிளம்புவதற்கு முன் அவள் ஸ்பிரிங்வேலில் வீட்டுக்குப் போய்க் கதிர்காமநாதனைப் பார்த்தாள். அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். கட்டிய காலைக் கதிரையில் தூக்கி வைத்தபடி இருந்தார்.

"இந்தமுறை என்னால வரேலாது பிள்ளை. நீர் எனக்காக நிண்டு பாரும்."

"அன்ரி என்ன உடுப்பில போனவா?"

"சாம்பல் நிறக் கோட்டு. பின்னல் தொப்பி. அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார், "அவளுக்கு இங்கிலிஷில சத்தமாக் கூப்பிட்டால் விளங்காது. ஆர் கூப்பிட்டாலும் தன்னை இல்லை எண்டு பேசாமல் நிப்பாள்."

ஆக்லாந்தில் அது நல்ல வெயில்காலம். திறப்புநாள் காலையில் வெளியே ஆட்கள் தொப்பியும் குட்டைக்கால்சட்டையுமாகக் கூடிவிட்டார்கள். கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது. புது ஊழியர்கள் பின்பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிரூபா ஒவ்வொரு கவுண்டராக விளக்கைப் போட்டு, சாமான் நகரும் பட்டையை ஓடவிட்டுச் சரிபார்த்தாள். கடைசியாக ஒலிபெருக்கி. மைக்கைக் கையில் எடுத்ததும் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. யாருக்கு விளங்கப்போகிறது என்ற தைரியத்தில் தமிழில் சொன்னாள்:

"இந்தக் கவுண்டர் திறந்திருக்கு. அடுத்த ஆள் வாங்கோ."

அவள் குரல் வெறும் கடை முழுக்கப் போய்வந்தது. சுவரில் பட்டுத் திரும்புவதற்கு எடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாக நேரம் எடுத்தது போலிருந்தது. மைக்கை வைத்தாள்.

பால் வரிசையின் பக்கமிருந்து செருப்புச் சத்தம் வந்தது. அவசரமில்லாமல், தரையைத் தேய்த்துக்கொண்டு.

சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வரிசை முனையில் தெரிந்தாள். தலையில் பின்னல் தொப்பி. ஒரு கையில் பால் போத்தல், மறுகையில் கொத்தமல்லிக் கட்டு. கட்டில் தெளித்த நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நிரூபா ஓடிக்கொண்டிருந்த பட்டையை நிறுத்தினாள்.

"நீங்களோ பிள்ளை கூப்பிட்டது?" அந்தப் பெண் சாமான்களைப் பட்டையில் வைத்தாள். "கெதியாப் பில்லைப் போடுங்கோ. அவர் காரில இருக்கிறார். பொறுமையில்லாத மனிசன்."

நிரூபா போத்தலைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. மேலே இருந்த தேதி சில வருடங்களுக்கு முந்தையது. மூடியைத் திறக்காமலே பால் வெள்ளை வெளேரென்று தெரிந்தது, திரிந்திருக்கவில்லை.

"விமலாதேவி அன்ரியோ?"

"ஓம். என்னைத் தெரியுமோ உமக்கு?" அவள் வெளிக்கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் ஆட்கள் நின்றார்கள். "என்ன இது, வெளியில இப்பிடி வெயில் எறிக்குது? வரேக்க மழையெல்லோ தூறினது."

நிரூபா அவளைக் கைபிடித்து அலுவலக அறைக்குக் கூட்டிப்போய் இருத்தினாள். கோட்டைக் கழற்றச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு போனை எடுத்தாள். மெல்பேர்னில் இன்னும் விடியற்காலைதான். ஆனாலும் கதிர்காமநாதன் உடனே எடுத்தார், தூங்காமலே இருந்தவர் போல.

"அங்கிள், கதிரையில இருக்கிறீங்களோ? இருங்கோ. நான் ஒராளிட்டக் குடுக்கிறன்."

விமலாதேவி போனை வாங்கினாள். "இஞ்சாருங்கோ, காரை எங்க கொண்டுபோய்ப் போட்டீங்கள்? நிண்ட இடத்தில காணேல்லை."

அந்தப் பக்கம் ஊன்றுகோல் தரையில் விழும் சத்தம் நிரூபாவுக்கும் கேட்டது.

"விமலா," என்றார் கடைசியில். "நீர் அங்கயே இரும். அந்தப் பிள்ளை சொல்லுறபடி செய்யும்."

"வர எவ்வளவு நேரம் செல்லும்?"

"கொஞ்சம் செல்லும்."

"கெதியா வாங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அழுகிறார் போல கிடக்கு. ஏன் எண்டு தெரியேல்லை."

அதன்பிறகு நடந்ததுதான் நிரூபாவை அதிகம் பயமுறுத்தியது. கடவுச்சீட்டு இல்லாமல், நாட்டுக்குள் வந்த பதிவே இல்லாமல் இருக்கும் ஒரு பெண்ணை எப்படி மெல்பேர்னுக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் அவள் செந்தில்நாதனுக்குப் போன் செய்தாள். அவர் எதையும் இரண்டாம்தரம் கேட்கவில்லை. "இதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். வருவார்," என்றார். அன்று பின்னேரமே நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மென்மையாகப் பேசினார். விமலாதேவிக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார், அவள் அளவுக்குச் சரியாக. யாருக்கு என்ன சொன்னாரோ, சில நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு முன் பலமுறை செய்து பழகிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

நிரூபா அவரிடம் நேராகவே கேட்டாள், உள்ளே இருப்பது என்ன இடம் என்று. அவர் சற்று யோசித்து, தமக்கும் தெரியாது என்றார். கடைகள் எப்போது முற்றிலும் ஒரே மாதிரி ஆயினவோ அப்போதிருந்துதான் ஆட்கள் உள்ளே தங்கிப்போகிறார்கள் என்றார்.

மெல்பேர்ன் விமான நிலையத்தில் கதிர்காமநாதன் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். விமலாதேவி அவரைத் தாண்டி நடந்து போய்விட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள். கிட்ட வந்து குனிந்து அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"உங்களுக்கு என்ன நடந்தது? ஏன் இப்பிடி நரைச்சுப் போனீங்கள்?"

அவர் அந்தக் கையைப் பிடித்தவர், கார் வரும்வரை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிரூபா அவர்கள் வீட்டுக்குப் போனாள். விமலாதேவி குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் அவளைப் பார்க்கத் தோதான இடத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அவள் பின்வளவுத் தோட்டத்துக்குப் போனால் அவரும் ஊன்றுகோலோடு எழும்புவார்.

"உள்ள எப்பிடி இருந்தது அன்ரி?" என்று நிரூபா கேட்டாள்.

"கடைதான் பிள்ளை. வேற என்ன? பால் எடுத்துக்கொண்டு திரும்பினன். பெரிய லைன் நிண்டது. கவுண்டர் இன்னும் திறக்கேல்லை எண்டு சொல்லிச்சினம். நானும் நிண்டன்."

"எவ்வளவு சனம்?"

"முன்னுக்கும் முடிவு தெரியேல்லை, பின்னுக்கும் தெரியேல்லை. எல்லாம் நல்ல சனம். தள்ளுறது இல்லை, சத்தம் போடுறது இல்லை. கனபேர் வேற வேற பாஷை. எனக்குப் பின்னால ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிண்டது, முதுகில புத்தகப்பையோட. தாய் பாத்துக்கொண்டிருப்பா எண்டு சொன்னது போல இருந்தது. என்ன பாஷையோ." அவள் கோப்பையை நிரூபாவிடம் நீட்டினாள். "அந்தப் பிள்ளையும் வந்திட்டுதோ?"

வந்திருக்கும் என்று சொல்ல நிரூபாவுக்குத் தோன்றியது. கதிர்காமநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பொய் சொல்ல முடியவில்லை; கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

அவள் வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் செந்தில்நாதன் எதிர்பார்த்தார். அவளும் ராஜினாமா செய்யும் எண்ணத்தோடுதான் அவர் அறைக்குள் போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த வருடம் ஹெல்மோ எந்தெந்த நாடுகளில் திறக்கப்போகிறது என்று சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு எத்தனை பாஷை பேச வரும், நிரூபா?"

"ரெண்டு."

"கத்துக்குவீங்களா?"

அவள் அந்தப் புத்தகப்பைப் பிள்ளையை நினைத்தாள். பிறகு, "ஓம்," என்றாள்.

அடுத்த திறப்பு பெர்த்தில். வழக்கம்போல ஊழியர்களைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு, எல்லாக் கவுண்டர்களிலும் விளக்கைப் போட்டாள். மைக்கை எடுத்துத் தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு போலிஷ், அரபு, வியட்நாமிய மொழி என்று பழகிய ஒவ்வொன்றிலும், உச்சரிப்பு பிசகாமல், மெதுவாகச் சொன்னாள். இந்தக் கவுண்டர் திறந்திருக்கிறது, அடுத்தவர் வரலாம்.

யாரும் வரவில்லை. வெளியே கூட்டம் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் மைக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அப்போது கடைசிச் சுவருக்கும் அப்பால், இருக்கவே முடியாத தூரத்தில், எண்ணற்ற கால்கள் ஒன்றாகத் தரையைத் தேய்த்து ஓரடி முன்னால் நகரும் சத்தம் கேட்டது.