பின்னோக்கி நடந்த செய்தி

ஏரி பொங்கினால் ஊருக்குச் சொல்ல நாற்பது உணரிக் கம்பங்களை நட்டு, திறப்பு விழாவும் நடத்தி, மாலையும் தானே வாங்கிக்கொண்டார் இயக்குநர் தொக்தொசுன் ஒமுரோவிச். மரமே இல்லாத மலை மேய்ச்சல் வெளியில் முதுகு சொறிய இத்தனை கம்பம் கிடைத்ததும் யாக் எருதுகள் தம் பங்குக்கு ஒரு விழா எடுத்தன. நடுவில் ஒன்பது கம்பங்கள் சாய்ந்தன.

மேலே பனியாறு உருகிக்கொண்டிருந்தது. கீழே ஆற்றங்கரையில் அறுபது வீடுகள். நிலையப் பொறியாளர் சய்காலின் திரையிலோ மூன்று நாளாக ஏரிக்கு ஒரே அளவு.

"ஏரி அமைதியா இருக்கு," என்றார் இயக்குநர்.

"செய்தியே வரலை, தொக்தொசுன் ஒமுரோவிச். ஒவ்வொரு கம்பமும் தன்னைவிட ஊருக்குக் கிட்ட இருக்கிற கம்பத்துக்குத்தான் கொடுக்கும். பதினேழாவதுக்குக் கீழே எட்டுற தூரத்துல உயிரோட ஒண்ணுமில்ல. செய்தியை வச்சுக்கிட்டு முழிக்குது. சாஞ்ச கம்பங்க விட்ட ஓட்டையோட ஓரமாவே செய்தி சுத்தி வரட்டும். வேணும்னா ஏரிப் பக்கமே திரும்பிப் போகட்டும். பதினேழைவிட ஊருக்குக் கிட்ட ஒண்ணு கிடைச்சதும் பழையபடி இறங்கட்டும்."

"திரும்பியா? என் திட்டத்துல எதுவும் பின்னாடி போகாது! அமைச்சகத்துக்கு முன்னேற்றம்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

அவர் மதிய உணவுக்குக் கிளம்பியதும், சய்கால் புதிய விதியை எழுதிச் சிறு கருவிப் பெட்டியில் ஏற்றித் தொழில்நுட்பர் கெங்கெஷிடம் நீட்டினாள்.

"அண்ணே, பதினேழாவதுல சொருகினா போதும். மத்ததுக்கு அதுவே சொல்லிடும்."

"உன் வேலை போயிடுமேம்மா?"

"போகட்டும். உங்க வீடு எங்க இருக்கு?"

ஆற்றங்கரையில் வீடு வைத்திருந்த கெங்கெஷ் பெட்டியை வாங்கிக்கொண்டு குதிரையேறினார்.

மூன்று மணிக்குத் திரை அசைந்தது. பதினேழில் முட்டிய செய்தி, ஏரியை நோக்கி நான்கு கம்பம் ஏறி, ஓட்டையின் ஓரமாக வளைந்து, பதினாறு கை மாறி வந்து சேர்ந்தது. ஏரி மூன்று மீட்டர் உயர்ந்திருந்தது. கரை கசிந்தது.

அபாயச் சங்கை சய்காலே அழுத்தினாள்.

நாற்பது நிமிடம் கழித்து வெள்ளம் வந்தது. வைக்கோல் போர்களையும் வேலிகளையும் எடுத்துக்கொண்டது. ஆட்களில் ஒருவரையும் எடுக்கவில்லை. ஊரே ஏறி நின்ற மேட்டில் சய்கால் இரண்டு முறை எண்ணினாள்: முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒற்றைச் செருப்போடு ஓர் இயக்குநர்.

"முன்னேறியா வந்தீங்க, பின்வாங்கியா?" என்று கெங்கெஷின் மனைவி புருல் அவரிடம் கேட்டாள். மேடே சிரித்தது.

எதிர்க்கரைச் சரிவில் குதிரைமேல் ஓர் ஆள் தொப்பியைச் சுழற்றினார்.

"பார், என் புருஷன்!" என்று கத்திய புருல், சய்காலைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கினாள்.