சுண்ணாம்புக்கல் லாரியின் ஹாரன்

ஏலாக்குறிச்சியில் நின்று 'பிலவேந்திரன்' என்று கூப்பிட்டால் ஆறு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆனி ரோஸுக்கு இது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் ஏமாந்தாள்.

அவளுக்கு வேலை பெரம்பலூரில், ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை. வீடு அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகிற ரோட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரொலி வராமலிருக்கத் துணி பீரோவைத் திறந்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு, 'காட்டுக்கத்தல்' என்ற பாட்காஸ்டைப் பதிவு செய்வாள். முழுக்க முழுக்க பங்க் ராக் இசை பற்றியது. வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்ற விதியைக் காலால் உதைத்தவர்களின் கதைகள். வரதராஜன்பேட்டை கோவில் பாடகர் குழுவிலிருந்து, "நீ ஒருத்தியே ஒம்பது பேர் சத்தம் போடற" என்று பதினாலு வயதில் வெளியேற்றப்பட்ட ஆனி ரோஸுக்கு அந்த மனிதர்களை ரொம்பப் பிடித்துப்போனது.

லண்டன், நியூயார்க் என்று பேசியபோதெல்லாம் கேட்டவர்கள் முந்நூறு பேர். நாற்பத்தொன்றாவது எபிசோடைக் கேட்டவர்கள் நாலாயிரம் பேர்.

காரணம் ஒரு கேசட். பெரம்பலூர் பழைய சாமான் கடையில் கிடைத்தது. 1994-ல் திருச்சியில் ஒரு விடுதியில் தங்கிப் படித்த நாலு பையன்கள் 'கந்தகம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, தமிழில், தலை தெறிக்கிற வேகத்தில் கத்தியிருந்தார்கள். அட்டையில் பேனாவால் ஒரே ஒரு பெயர்: 'டிரம்ஸ் - பிலவேந்திரன், ஏலாக்குறிச்சி.'

பஸ் பிடித்துப் போய் விசாரித்தாள். பிலவேந்திரன் வீடு என்று, அமலோற்பவமேரி என்ற அம்மாளின் வீட்டைக் காட்டினார்கள்.

"ஆமாம்மா, டிரம்மு அடிப்பாரு. தேர் பவனிக்கு அவரு இல்லாம ஆவாது. போயி பன்னெண்டு வருசமாச்சு" என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'அவர் திருச்சியில் படித்தாரா?' என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்க ஆனி ரோஸ் மறந்துபோனாள். எபிசோடின் முடிவில் மறைந்த கலைஞனுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலியும் செலுத்தினாள். யாரோ அதைப் பங்குக் கோவிலின் வாட்ஸ்அப் குழுவில் போட, ஊரே கைகூப்பியது.

வியாழக்கிழமை ஒரு குரல் பதிவு வந்தது.

"ஏம்மா, நான் பிலவேந்திரன் பேசறேன். டிரம்மு வாசிச்ச பிலவேந்திரன். நான் சாவல, டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன். எங்க அக்கா மதுரையில இருக்கு, பிரஷருக்காரி. அது காதுக்குப் போறதுக்குள்ள, சனிக்கிழமைக்குள்ள அதைத் தூக்கிடு. அப்பறம், என்னைத் தேடிக்கிட்டு வராத. என் வண்டியிலேர்ந்து கிளீனர் கூப்பிடறான், வச்சிடறேன்."

ஆனி ரோஸ் அந்த எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் செல்வம்மாள்.

"யாரு பேசுனாங்கன்னா நான் என்னத்தக் கண்டேன்? லாரிக்காரங்க பத்துப் பேரு வாங்கிப் பேசுவாங்க. டீக்குச் சக்கரை எவ்வளவுன்னுதான் எனக்குத் தெரியும், பேரு தெரியாது."

கணவன் அருள் பிரகாஷ் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே தீர்ப்புச் சொன்னான்: "தூக்கிட்டு வேலையப் பாரு ரோஸு."

"தூக்குனா அப்படி ஒரு பேண்டே இல்லாத மாதிரி ஆயிடுங்க. வேற எங்கயும் அந்தப் பாட்டு கெடயாது."

"அப்ப உசுரோட இருக்காருன்னு திருத்திப் போடு."

"இவருதான் அவருன்னு எப்படித் தெரியும்? ஒரு தடவ விசாரிக்காம போட்டு ஒரு ஆளையே சாவடிச்சது பத்தாதா?"

"சரி, கண்டுபிடி. அரியலூருல லாரி என்ன, ஒரு ஆயிரம் இருக்குமா?"

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அவள் குரல் பதிவை மறுபடி ஓட்டினாள். கடைசி நொடியில், பேச்சு முடிந்த பிறகு, தூரத்தில் ஒரு ஹாரன் கேட்டது. மூன்று சத்தம். முதல் இரண்டும் கணீரென்று, மூன்றாவது சளி பிடித்த தொண்டை மாதிரி. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே!

பத்து நிமிடம் யோசித்துவிட்டு, தன்னுடைய நாற்பத்தொன்றாவது எபிசோடையே போட்டாள். மௌன அஞ்சலி. இருபத்திரண்டாவது நொடியில் வெளியே ரோட்டில் ஒரு லாரி போனது. கணீர், கணீர், சளி.

தனக்காக நடந்த அஞ்சலியின் நடுவிலேயே அந்த மனிதர் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்!

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். காலை ஏழு மணிக்கே வீட்டு வாசலில், வேகத்தடைக்குப் பக்கத்தில் நின்றாள். டிப்பர் லாரிகள் சுண்ணாம்புக்கல்லோடு வரிசையாகப் போயின. ஏழே முக்காலுக்கு அந்த ஹாரன் வந்தது. கையை ஆட்டினாள். லாரி நிற்கவில்லை, முகத்தில் புழுதிதான் அடித்தது.

"லிஃப்ட் கேக்கறன்னு நெனச்சிருப்பாரு" என்றான் அருள்.

"திரும்பி வருவாருல்ல?"

உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலியையும், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாட்டுப் போட வாங்கிய பெரிய ஸ்பீக்கரையும் தூக்கி வந்து ரோட்டோரம் வைத்தாள். ஒன்பது மணி சுமாருக்கு அந்த ஹாரன் மறுபடி கேட்டதும், கந்தகத்தின் மூன்றாவது பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தாள். எதிர்வீட்டு நாய் சுவரேறிக் குதித்தது.

லாரி வேகத்தடையில் ஏறி, இறங்கி, நாலடி போய், கிறீச்சென்று நின்றது.

கண்ணாடி இறங்கியது. ஐம்பது வயது முகம், புருவத்தில் வெள்ளைத் தூள்.

"ஏம்மா, நடுரோட்டுல மானத்த வாங்குறியே! நிறுத்தும்மா!"

"அண்ணே, நீங்கதான் பிலவேந்திரனா?"

"ஏலாக்குறிச்சியில பாதிப் பேரு பிலவேந்திரன்தான்."

"அப்ப ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பாட்டு முடியறப்ப 'டங்'குனு ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் எபிசோடில் பன்னிரண்டு நிமிடம் பேசியிருந்தாள். அதிகாரத்தின் மண்டையில் அடித்த மணி என்றாள். பாட்டின் ஆவேச வேகமே அந்த ஒரு அடியை நோக்கித்தான் ஓடுகிறது என்றாள்.

பிலவேந்திரன் சிரித்துவிட்டார். "நீ அதப் பத்திப் பேசுனதையும் கேட்டேன். விடுதியில சாப்பாட்டுக்கு அடிக்கற மொத மணிம்மா அது. ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள போவலன்னா வார்டன் கதவச் சாத்திடுவாரு. வியாழக்கிழமை முட்டை வேற. அதான் அவ்வளவு வேகமா வாசிச்சோம்."

"முட்டைக்காகவா?"

"ஆளுக்கு ஒரு முழு முட்டை!"

ஆனி ரோஸ் சிரிக்கத் தொடங்கினாள். நாற்பத்தொரு எபிசோடில் அவள் சொன்ன எந்தக் கதையும் இத்தனை உண்மையாக இருந்ததில்லை. இந்த ஆள்தான்! சந்தேகமேயில்லை.

பின்னால் ஐந்தாறு லாரிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன்கள் கத்தின.

"அண்ணே, தூக்கச் சொல்லாதீங்க. நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க, பழசோட முன்னாடி சேத்துடறேன். அக்கா முதல்ல உங்க குரலத்தானே கேப்பாங்க?"

"இங்கயா? பின்னாடி இருக்கவன் என்னைக் கொன்னுடுவான்."

"அதான் ஏற்கனவே நான் கொன்னுட்டேனே. பேசுங்க."

அவர் கூச்சத்தோடு கைபேசியைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கு என்ன அவசியம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அக்கா, நான் தம்பி பேசறேன். நல்லாத்தான் இருக்கேன், பயப்படாத. பின்னாடி வர்ற சத்தமெல்லாம் நம்ம வண்டிங்கதான். முன்னாடி ஒரு காலத்துல டிரம்மு வாசிச்சேன், உன்கிட்ட சொல்லல. இப்பச் சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கில் தடதடவென்று எட்டு அடி அடித்தார். அதே வேகம். "போதும்மா. ஹாரனையெல்லாம் வெட்டிடாத, அதுவும் இருக்கட்டும்."

சனிக்கிழமை காலையில் அது வெளியானது. அமலோற்பவமேரியிடம் ஆனி ரோஸ் போனில் மன்னிப்புக் கேட்டாள். "அதனால என்னம்மா, எங்க வூட்டுக்காரருக்கு இன்னொரு தடவ ஊரே செபம் பண்ணுச்சுல்ல" என்றார் அந்த அம்மாள்.

மதியம் மதுரையிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்குகிற, கோபமான, எழுபதை நெருங்குகிற குரல்.

"நான் பிலவேந்திரனோட அக்கா பேசறேன். அவன் உசுரோட இருக்கறது எனக்குத் தெரியும், நேத்துதான் நூறு தடவ திட்டுனேன். அதில்ல விசயம். பாட்டுல ஜிங்கு ஜிங்குனு ஒரு தட்டு சத்தம் வருதே, அது என் சோத்துப்பானை மூடி! லீவுக்கு வந்தவன் எடுத்துட்டுப் போயி முப்பது வருசமா இல்லவே இல்லன்னு சாதிக்கிறான். அது எங்கன்னு கேட்டுச் சொல்லு தாயி."

ஆனி ரோஸ் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு வேகத்தடைக்குப் போனாள்.