மூன்றாவது அம்பு

கருத்தரங்கு மேடையில் ஜெயராம் சார் கரும்பலகையில் 'ஜெயராம் மேட்ரிக்ஸ்' என்று எழுதி அடிக்கோடிட்டபோது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெபசெல்விக்கு வயிறு எரிந்தது. நாற்பதுக்கு நாற்பது எண்கள் கொண்ட சதுரம் அது. மும்பை மாட்டுங்காவில் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், அம்மாவின் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் போட்டது. படித்துப் பார்க்கக் கொடுத்தாள்; மூன்றே மாதத்தில் அவர் பெயரில் அச்சாகி வந்தது. கேட்டதற்கு, "ஐடியாங்கறது காத்துல இருக்கும்மா, யார் பிடிச்சா என்ன?" என்று சிரித்தார். ஆராய்ச்சியை விட்டாள். இப்போது செம்பூர் கோச்சிங் கிளாஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்துகிறாள்.

விஷயம் சுலபம்தான். ஐந்தாம் வரிசையில் எட்டாம் இடத்தில் பூஜ்யம் இல்லையென்றால், ஐந்திலிருந்து எட்டுக்கு ஓர் அம்பு. மூன்று அம்புகள் சுற்றிவந்து கிளம்பிய இடத்திலேயே சேர்ந்தால் முக்கோணம். ரேங்க் என்பது, தனக்கு முந்தைய வரிசைகளைப் பெருக்கிக் கூட்டிக் கழித்துப் பெற முடியாத வரிசைகள் எத்தனை என்ற கணக்கு. மூலைவிட்டத்தில் பூஜ்யம் கூடாது என்பதால், ரேங்க் குறைய அம்புகள் வேண்டும். அம்புகள் பெருகினால் எங்கேயாவது முக்கோணம் விழுந்துவிடும். ஒரு முக்கோணம்கூட விழாமல் யாரும் நினைக்காத அளவுக்கு ரேங்கைக் குறைத்ததுதான் அந்த மேட்ரிக்ஸின் புகழ்.

ஆனால் அதில் முக்கோணம் இருந்தது. அச்சில் வந்த மறுவாரமே ஜெபசெல்வி கண்டுபிடித்துவிட்டாள்: ஏழு, பத்தொன்பது, முப்பத்திரண்டு. நோட்டில் வட்டமிட்டுத் தேதி போட்டாள், 2021 மார்ச் 11. திருடின பானைக்குள் ஊசிப்போன சோறு! அன்றைக்கே சொல்லியிருந்தால் மனிதர் ஒரு திருத்தம் போட்டுத் தப்பியிருப்பார். அதன்மேல் ஐந்து கட்டுரை கட்டட்டும், பதவி வரட்டும், மாலை விழட்டும் என்று நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். "களவாண்டவன் நல்லாருக்க மாட்டாம் பிள்ள, நீ விட்டுத் தொல" என்பாள் அம்மா அன்னத்தாய். விடுவதற்கா அந்த மூன்று எண்களை ஜெபம் மாதிரி தினமும் சொல்லிவந்தாள்?

பேச்சு முடிந்தது. கேள்வி உண்டா என்றார். எழுந்தாள்.

ஏழாம் வரிசையில் பத்தொன்பதாம் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கையிலிருந்த தாளைப் பார்த்து ஓர் அம்பு வரைந்தார். பத்தொன்பதில் முப்பத்திரண்டு? இன்னோர் அம்பு. முப்பத்திரண்டில் ஏழு? தாளில் அவர் விரல் ஓடி நின்றது. சாக்பீஸும் நின்றது. பின்கழுத்தில் வியர்வை இறங்குவதை ஜெபசெல்வி கண்குளிரப் பார்த்தாள்.

அவர் அவள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இது நீ போட்டதுதானே? அப்பவே சரிபார்த்திருக்க வேண்டாமோ?"

பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: இந்த மேட்ரிக்ஸ் என்னுடையதல்ல, என் பழைய மாணவி ஜெபசெல்வியுடையது, நம்பி எடுத்துக்கொண்டேன்.

நான்கு வருடமாக அவள் கேட்க ஏங்கிய வாக்கியம். பாவி, அழுகின பிறகு திருப்பிக் கொடுக்கிறான். நூறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. பையில் நோட்டு இருந்தது. காட்டாவிட்டால் அவள் தப்புக் கணக்குப் போட்டவள். காட்டினால், தெரிந்தும் மறைத்தவள்.

மேடையேறி அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினாள். முப்பத்திரண்டிலிருந்து ஏழுக்கு மூன்றாவது அம்பை அழுத்தி இழுத்தாள். கீழே தன் பெயரை எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில், 2021 மார்ச் 11. சாக்பீஸ் பொடி அவருடைய கறுப்பு ஷூவின் மேல் உதிர்ந்தது.