இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு கரண்டி

லிப்ட் பழுதுபார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருமுனையில் நின்று காது கொடுத்தால் போதும், எந்தக் கட்டடத்தில் எந்தக் கப்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாலாவது மாடிக்காரர் காலையில் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டதைக்கூடக் கம்பிவடம் முனகுவதை வைத்துக் கண்டுபிடித்தார். சாப்பிட்டவர் முதலில் மறுத்தார்; மறுநாள் ஒப்புக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரால் சொந்தப் பெண்டாட்டியிடம் விடைபெற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவருக்கு டாக்டர் ஒரு வாரம் என்று கெடு சொல்லி, அதில் ஐந்து நாள் போய்விட்டது. யாரோ லிப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால், பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு ஓடுவது நாற்பத்தொரு வருஷத்துப் பழக்கம். வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போனதே கிடையாது. இந்தத் தடவையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று பார்த்தார்.

“இங்க பாரு, நான் போனதுக்கப்புறம்...”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டாச்சு. நான் என்ன சொல்றேன்னா...”

“அடடா, தலகாணி சரிஞ்சிருக்கே!”

தலையணையை நாலு தட்டுத் தட்டிவிட்டு, பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்குப் போய்விடுவாள். ஐந்து நாளில் அவள் பிடித்த வெந்நீரில் ஆஸ்பத்திரி மொத்தமும் குளித்திருக்கலாம்.

“சாகப்போறவனுக்கு இந்த வீட்டுல ஒரு மரியாதை உண்டா?” என்று ஒருநாள் கத்தியே விட்டார்.

“இது வீடு இல்லீங்க,” என்று பக்கத்துக் கட்டில்காரர் திருத்தினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு கரண்டி காணாமல் போனது. நர்ஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். அவரும் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, போர்வைக்குள் கரண்டியோடு, கூடச் சேர்ந்து தேடினார்.

மறுநாள் காலை கீழே ஸ்கேனுக்குப் போக வேண்டும். சக்கர நாற்காலி தள்ளிய ஆளை, “பழைய ரிப்போர்ட்ட மறந்துட்டீங்களே!” என்று லிப்ட் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வரும்வரை பொறுக்காமல் மனைவியைத் தள்ளச் சொன்னார். கம்பிக்கதவு வைத்த அரதப்பழசு லிப்ட் அது. கதவு விரற்கடை விலகினாலும் நின்றுவிடும். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, அவள் பார்க்காத நேரமாகக் கதவை இழுத்துக் கரண்டியைச் செருகினார். கடகடவென்று உதறிவிட்டு நின்றது.

கணக்கு சுத்தம். எந்த ஊரில் லிப்ட்காரன் அரை மணிக்கு முன்னால் வந்திருக்கிறான்?

அவளோ அபாயமணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “ஐயையோ, யாராவது வாங்களேன்!”

“கொஞ்சம் நான் சொல்றத...”

“நீங்க பேசாதீங்க! காலம் பூரா இதைத்தானே கட்டிக்கிட்டு அழுதீங்க? ஒரு தட்டு தட்டினா ஓடாதா?”

மூன்று நிமிஷம் இப்படியே பாழாய்ப் போனது. அப்புறம் அவள் கண் கதவிடுக்கில் விழுந்தது.

“இது நேத்து காணாமப்போன கரண்டியில்ல?”

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

“அந்த நர்ஸுப் பொண்ணு என்னைச் சந்தேகமா பார்த்துச்சு, தெரியுமா? கட்டையில போற நேரத்துல திருட்டு வேற...”

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்ட ஒரு தலையணை இல்லை, தூக்க ஒரு பிளாஸ்க் இல்லை.

“அதத்தான் அஞ்சு நாளா சொல்ல வரேன்,” என்றார் அவர். “நான்...”

தலைக்கு மேலே கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

“பயப்படாதீங்க, வந்தாச்சு! ஐயோ வாத்தியாரே, நீங்களா? ரெண்டே நிமிஷம்!”

அவரிடமே தொழில் கற்றவன். மணியடித்த நாலாவது நிமிஷம் ஆள் அங்கே போய் நிற்க வேண்டும் என்று பத்து வருஷம் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். பாவி, கற்றுக்கொண்டுவிட்டான். தொண்டைவரை வந்த பேச்சு திரும்ப உள்ளே இறங்கியது. நாற்காலியின் கையை ஓங்கிக் குத்தினார். கை வலித்ததுதான் மிச்சம்.

மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

“ஏம்ப்பா, அந்தக் கதவைச் சாத்து.”

“அம்மா?”

“அவரு இன்னும் சொல்லி முடிக்கல. மத்த ஊர் லிப்ட்காரங்க மாதிரி அரை மணி கழிச்சு வா.”

மேலே கதவு மூடிக்கொண்டது. கழன்று விழப் பார்த்த கரண்டியைத் தானே அழுத்திச் செருகிவிட்டு, அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ம், சொல்லுங்க.”