வளையம் இல்லாத சனி

கிரவீன் என்ற வெளிநாட்டுப் புறநகரில், கணேசலிங்கம் அங்கிளின் மாடிவீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் ஜெயதீபன் குடியிருந்தான். கிளிநொச்சியில் இருக்கும் அவன் மகளுக்கு அது தெரியாது. வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் முன்வீட்டு மாடியும் ரோசாக் கன்றுகளும் பின்னால் தெரிகிற மாதிரி இடம்பார்த்து நிற்பான். வாயால் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வான்.

வாயால் சொன்ன பொய் ஒன்று இருந்தது. அடைக்கலம் தேடிப் படகில் அவன் வந்தபோது வினுஷாவுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு. அவன் தற்காலிக விசா மட்டும் வளரவே இல்லை. இந்த நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போனால் திரும்பி வர முடியாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் ஒவ்வொரு தடவையும், "அப்பா, எப்ப வாறீங்கள்?" என்று கேட்பாள். "அடுத்த வருஷம் பிள்ளை" என்பான். எத்தனை அடுத்த வருஷங்கள் போயினவோ, ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டாள். பிறகு கதைப்பதையும் விட்டாள். மனைவி வசந்தினி போனைக் கையில் திணித்தால், "சாப்பிட்டனீங்களோ? சரி, அம்மாட்டக் குடுக்கிறன்." அவ்வளவுதான். அந்த இரண்டு வசனத்துக்குப் பிறகு ஜெயதீபனுக்குச் சோறு இறங்காது.

தொலைநோக்கி வந்துதான் நிலைமை கொஞ்சம் மாறியது. பக்கத்து ஊரான நார்த்மீட்டில் ஒரு குளியலறைக்கு டைல் பதிக்கப் போன இடத்தில், நகரசபை அள்ளிப்போவதற்காகத் தெருவோரம் குவித்திருந்த பழஞ்சாமான்களுக்குள் அது கிடந்தது. வேலை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பழைய வெப்கேம் ஒன்றின் லென்ஸைக் கழற்றிவிட்டு, சத்துமாத்திரைக் குப்பி ஒன்றின் அடியை வெட்டி அதற்குள் வெப்கேமை இறுக்கி, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் செருகினான். டைலுக்கு மட்டம் பார்க்கும் அதே கவனத்தோடு முக்காலியை நிறுத்தினான். நிலவின் பள்ளங்கள் லப்டொப்பில் பளிச்சென்று தெரிந்தன.

அந்தப் படத்தை அனுப்பியபோது வினுஷாவிடமிருந்து பதில் வந்தது. "இது நீங்களே எடுத்ததோ?" ஒரு வரிதான். அதை அன்று முழுக்கத் திறந்து திறந்து பார்த்தான் மனுஷன். அடுத்த கிழமை அவளே கேட்டாள், சனியின் வளையம் தெரியுமா என்று. "ஏன் தெரியாது? வாற சனிக்கிழமையே அனுப்புறன்!" என்று பெரிய ஆள் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டான்.

வசந்தினி அலறினாள். அவள் சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள்ளெண்ணெய் எரிப்பவள். புருஷனுடைய விசா இழுபடுவதற்குக் காரணம் யார் என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

"கோயிலிலயே அவருக்கு நேர நிண்டு கும்பிடமாட்டம். நீங்கள் என்னெண்டா குழாய் வச்சுப் பாக்கப் போறீங்களோ?"

"நான் எங்கயப்பா பாக்கிறன்? கமெராதான் பாக்குது. நான் கொம்பியூட்டரைத்தான் பாக்கிறன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி. எண்டாலும் ஒரு பக்கமா நில்லுங்கோ."

ஒரு பக்கமாகத்தான் நின்றான். சனிக்கிழமை பொழுதுபட்டதும் வடக்கு வானத்தில் சனியைப் பிடித்து, சில நிமிடம் வீடியோ எடுத்தான். காற்றில் படம் துடித்துக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான படங்களில் கலங்காதவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தெளிவான ஒரே படமாக்கித் தர மென்பொருள் இருக்கிறது. அது தந்த படத்தைப் பார்த்துத் திகைத்துப்போனான். மஞ்சள் உருண்டை ஒன்று. அதன் நடுவே, உளுந்து வடையில் ஈர்க்குக் குத்திய மாதிரி மெல்லிய கோடு. வளையத்தைக் காணோம்.

கண்ணாடியைத் துடைத்தான், திருகித் திருகிப் பார்த்தான், மறுநாளும் எடுத்தான். அதே ஈர்க்கு. குப்பையில் பொறுக்கிய சாமான் குப்பைதானே என்று ஒரு மனம் சொன்னது. வசந்தினி சொன்னது சரியோ, சனியார் கோபத்தில் வளையத்தை ஒளித்துவிட்டாரோ என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டு மனமும் சேர்ந்து அவனை ஒரு கூத்துப் பண்ண வைத்தன. இணையத்தில் அகன்ற வளையத்தோடு அச்சாவான சனி ஒன்றைத் தேடியெடுத்து, கொஞ்சம் மங்கலாக்கி, "அப்பா எடுத்தது" என்று மகளுக்கு அனுப்பினான்.

அரைமணிக்குள் வினுஷா தானாகவே அழைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் தானாக அழைத்தது அதுதான் முதல் தடவை. அவன் ரோசாக் கன்றுப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டு போனை எடுத்தான்.

"அப்பா, இந்தப் படம் எப்ப எடுத்தனீங்கள்?"

"நேற்றுத்தான் பிள்ளை. வடிவா இருக்கோ?"

"இந்த வருஷம் வளையம் இப்பிடித் தெரியாதப்பா. பதினஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அதின்ர விளிம்பு மட்டுந்தான் எங்கட பக்கம் இருக்குமாம். ஒரு கோடு மாதிரித்தான் தெரியுமாம். சயன்ஸ் ரீச்சர் சொன்னவ." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஜெயதீபனுக்கு அழுகை வந்தது. எடுத்த படம் சரியான படம். அதை வைத்துக்கொண்டே பொய்யை அனுப்பிய மடையனை என்னவென்று சொல்வது? இப்போது அதை அனுப்பினாலும் வேறெங்கோ எடுத்தது என்பாள். ஒரு வழிதான் மிச்சமிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் தொலைநோக்கியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, இருட்டியதும் வசந்தினியை வீடியோவில் அழைத்தான். அங்கே இன்னும் பட்டப்பகல். "பிள்ளையைக் கூப்பிடும். கதைக்காட்டியும் பரவாயில்லை, பக்கத்தில இருந்து பாக்கச் சொல்லும்."

வினுஷா வந்து முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள். அவன் முதலில் போனைத் தன் அறைக்குள் கொண்டுபோனான். கட்டில், ஒற்றை அடுப்பு, மூலையில் சீமெந்துப் பை, கொடியில் வேலைச் சட்டை. "இதுதான் அப்பா இருக்கிற இடம். அந்த மாடிவீடு எங்கட இல்லை." வசந்தினி, "இதெல்லாம் இப்ப ஏனப்பா?" என்றாள். மகள் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு போனை லப்டொப்பின் முன்னால் நிறுத்தினான். கறுப்புத் திரையில் மஞ்சள் உருண்டை கொதிநீருக்குள் கிடப்பதுபோல் துடித்தது. நடுவே கோடு.

"ஏன் இப்பிடி ஆடுது?" வினுஷாதான் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு ஓட்டில பகல் சூடு இருக்குப் பிள்ளை. இப்பதான் மேல எழும்புது."

உருண்டை மெல்ல நகர்ந்து திரையின் ஓரத்தில் மறைந்தது. அவன் குழாயைத் தட்டி மறுபடி பிடித்துக்கொண்டு வந்தான். பொறுக்கலும் இல்லை, அடுக்கலும் இல்லை. வசந்தினி அங்கே போனுக்கு ஒரு பக்கமாக நின்று கடைக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஓம், கோடு தெரியுது" என்றாள் வினுஷா. பிறகு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்டாள். "அப்பா, எப்ப வாறீங்கள்?"

பழகிய வாய், 'அடுத்த வருஷம்' நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"தெரியாது பிள்ளை. உண்மையா எனக்குத் தெரியாது."

இப்போது துண்டிப்பாள் என்று காத்திருந்தான். குழாயைத் தட்டவும் கை எழவில்லை. திரை வெறும் கறுப்பாகிப் போனது.

"அப்பா, ஆள் வெளியால போயிட்டார். பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

குழாயைத் தட்டித் தேடிப் பிடித்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாளைக்கும் காட்டுங்கோ" என்றாள்.

"நாளைக்கு இஞ்ச மழையாம் பிள்ளை."

"அப்ப மழையைக் காட்டுங்கோ."