மாலை போட்ட சோலார்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கரண்ட் இல்லாமல் ஓடும் பொருள் எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவார்.

மத்திகிரியில் நாங்கள் வீடு கட்டியபோது வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி தோண்டினோம். அது இருக்கக் கூடாத மூலையில் இருக்கிறது என்று வாஸ்து பார்த்தவர் மூடச் சொன்னார். தோண்டின குழியை மூட மனசு வராமல் சிவராஜ் அதைக் குளமாக்கிவிட்டார். பாதிவரை மண் கொட்டி, சுற்றிலும் கல் பதித்து, அல்லி வைத்து, ஆரஞ்சு மீன்கள் விட்டார். அதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். அதற்குப் பிறகுதான் பார்சல்கள் வர ஆரம்பித்தன.

முதலில் சோலார் தவளை வந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டியதும் பச்சையாக எரிய வேண்டுமாம். ஓசூர் மேகத்தில் அதற்குக் குடிக்க என்ன கிடைக்கும்? நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கண்ணை மூடிவிடும். அடுத்தது மிதக்கும் தாமரை. ஒரே மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து அதன் ஆயுசு முடிந்தது. கடைசியாக வந்தது நீரூற்று. ஒரு முழ அகலத்தில் ஒரு பேனல், அதிலிருந்து ஒரு ஒயர், குளத்துக்குள் கைக்கடக்கமாக ஒரு மோட்டார். வெயில் பட்டால் தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு எழும்பிக் குடை மாதிரி விரியும்.

விரியும் என்று பக்கத்து வீட்டுக் கெம்பம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். வெயில் ஏறும் முன்னால் பஸ் ஏறி, வெயில் போன பின்னால் வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். அது ஓடும்போது நாங்கள் இல்லை, நாங்கள் இருக்கும்போது அது ஓடாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றால் அன்றைக்கென்று மேகம் வந்து குந்திக்கொள்ளும்.

"வூட்ல ஆளில்லாதப்ப ஆடறதுக்கு எதுக்குங்க இது? மீனுக்கு சினிமா காட்டறீங்களா?" என்று கேட்பேன்.

"கரண்ட் செலவு இல்ல பாரு," என்பார்.

"செலவும் இல்ல, பிரயோஜனமும் இல்ல."

அந்தப் பேச்சு அப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஒரு நாள் காலை அத்தை போன் செய்தார்.

அத்தை என்றால் என் மாமியார் சரோஜம்மாள். மாமாவின் பெயர் தீர்த்தகிரி. தளியைத் தாண்டி ஒரு ஊரில் செண்டுமல்லி போட்டிருக்கிறார்கள். அங்கே மோட்டாருக்கான கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். ராத்திரி முறை வருகிற வாரம் மாமா தண்ணீர் பாய்ச்ச நிலத்துக்குப் போவார். காட்டிலிருந்து யானை இறங்குகிற வழி அந்த நிலத்தை ஒட்டித்தான் போகிறது. அவர் பின்னாலேயே டார்ச் பிடித்துக்கொண்டு அத்தையும் போவார். பக்கத்து நிலத்து ராகியை யானை மிதித்துத் துவைத்துவிட்டது, அப்போது நாங்கள் இந்தப் பக்கத்து வரப்பில்தான் நின்றோம் என்று, கடையில் கத்திரிக்காய் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார் அத்தை. 

எனக்கு அம்மா இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தைதான் எனக்கு அம்மா. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

பகலில் ஓடும் சோலார் மோட்டார் மானியத்தில் தருகிறார்கள், வாங்கிப் போட்டால் ராத்திரி நிலத்துக்கே போக வேண்டாம் என்று சிவராஜ் போன வருஷத்திலிருந்து மாமாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்லில் நார் உரிக்கிற வேலை அது. "வெயில் வந்து தண்ணி எறைக்குமா? பொம்மைடா அது," என்று முடித்துவிடுவார் மாமா. யானையைப் பற்றிச் சொன்னால், "அது பாட்டுக்கு அது போவுது, என் பாட்டுக்கு நான் போறேன்," என்பார்.

போனை வைத்ததும் எனக்கு வாசலில் ஆடும் அந்த வேலையற்ற நீரூற்று ஞாபகம் வந்தது. சொன்னால் நம்பாதவர் கண்ணால் பார்த்தால் நம்ப மாட்டாரா? ஆயுத பூஜைக்கு இரண்டு பேரும் இங்கே வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து வரவழைத்தேன்.

பூஜையன்று இரண்டு மூட்டை செண்டுமல்லியோடு வந்து இறங்கினார்கள். அதிர்ஷ்டத்துக்கு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நீரூற்று என்றைக்கும் இல்லாத உயரத்துக்கு எழும்பி ஆடியது. மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்தண்டை போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தார். பேனலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"கரண்ட் எங்கிருந்து வருது?"

"மேல இருந்து மாமா," என்று வானத்தைக் காட்டினேன். "கரண்டு ஆபீசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பரவால்லியே," என்றார். மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை தொடங்கியது. சிவராஜின் ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அது கண்டிப்பு.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "மாமா, வாசல்ல இருக்கறதும் ஒரு மெஷின்தானே? பாவம், லீவே போடாம உழைக்குது," என்றேன்.

"அட, ஆமா," என்றார் மாமா. மனசு நிறைந்துவிட்டால் அவருக்குக் கை தாராளம். சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போய், மூன்று விரலால் பேனலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பட்டையாகப் பூசினார். நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தார். மூட்டையிலிருந்து இருப்பதிலேயே பருத்த மாலையை எடுத்து, இரண்டாக மடித்து, பேனல் முழுக்க மூடுகிற மாதிரி சாத்தினார். நான் ஆரத்தித் தட்டோடு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீரூற்று ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது.

"என்னாச்சு?" என்றார் மாமா.

"மாலை வெயில மறைக்குது நைனா," என்று சிவராஜ் கையை நீட்டினார்.

"கைய எடு. சாத்தின மாலைய இன்னிக்கே கழட்டுவியா? அறிவிருக்குதா உனுக்கு?"

"கொஞ்சம் தள்ளி மட்டும் வெக்கிறேன்..."

"தொடாதங்கறேன்." குளத்தையும் பேனலையும் ஒரு பார்வை பார்த்தார். "நாலு பூ போட்டா படுத்துக்கற மோட்டாரு எங்க தளிப் பனியில எப்பிடிடா எழுந்து நிக்கும்? நான் அப்பவே சொன்னேன், பொம்மைன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆரத்தித் தட்டை அந்தக் குளத்திலேயே போட்டிருப்பேன். அவ்வளவு பெரிய பேக்டரியில் நின்றுபோன மெஷினை ஓட வைக்கிற மனிதர், சொந்த வாசலில் ஒரு மாலையை நகர்த்த முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.  அத்தையின் முகம் விழுந்துபோனது. அதைப் பார்த்ததும் என் ஆத்திரம் போய்ப் பயம்தான் மிஞ்சியது. அடுத்த வாரம் அவர்கள் ஊரில் ராத்திரி முறை.

கேட்டருகே பூசணிக்காய் உடைத்துவிட்டு உள்ளே வந்து இலை போட்டோம். வடை நன்றாகத்தான் வந்திருந்தது, சாப்பிடத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. மாமா மட்டும் அடுத்த நாள் சந்தைக்குப் பூ ஏற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் சளசளவென்று சத்தம் கேட்டது.

எச்சில் கையோடு எல்லோரும் ஓடினோம். பூசணிக்காய் உடைத்த அவசரத்தில் கேட்டைச் சாத்த மறந்திருக்கிறோம். கெம்பம்மாவின் பசு பூசணித் துண்டுகளை முடித்துவிட்டு உள்ளே வந்து, பேனல் மேல் கிடந்த மாலையில் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தது. நீரூற்று மறுபடி எழும்பி அதன் மூஞ்சியிலேயே அடித்தது. அது கண்ணை மூடி மூடித் திறந்ததே தவிர, மாலையை விடவில்லை.

சிவராஜ் விரட்டப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க. கழட்டறது நாம இல்ல, பசு."

மாடு மிச்ச மாலையையும் இழுத்துக்கொண்டு, பேனலில் இருந்த சந்தனத்தையும் சொரசொரவென்று நக்கித் துடைத்தது. துடைக்கத் துடைக்கத் தண்ணீர் உயர்ந்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மாடுகளிடம் கன்னடத்திலேயே பேசிப் பழகிய மாமா "ஹோகு, ஹோகு" என்று மரியாதைக்கு இரண்டு தரம் விரட்டினார். கயிற்றோடு ஓடிவந்த கெம்பம்மா, "ஐயோ, பூஜை பூவ தின்னுட்டுதே," என்று பதறினாள்.

"பசு தின்னா தப்பு இல்லம்மா. சாமியே சாப்ட்ட மாதிரி," என்றார் மாமா.

ஜெயித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமா லேசில் விழுகிற ஆளா? மாடு போனதும் மீசையைத் தடவிக்கொண்டு, "மாலைய மாடு தின்னுட்டுது. மேகத்த எந்த மாடு திங்கும்?" என்றார்.

 சொல்லி வைத்தாற்போல மேகம் ஒன்று வந்து வெயிலை மூடியது. தண்ணீர் இறங்கியது. இடுப்பு உயரம் முழங்கால் உயரமானது, முழங்கால் ஒரு சாண் ஆனது. என் நெஞ்சும் அதோடு இறங்கியது. ஆனால் அந்த ஒரு சாணில் அது நின்றுகொண்டது. மேகம் நகரும்வரை கொப்பளித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல எழும்பிப் பழைய உயரத்துக்குப் போனது.

மாமா குளத்தண்டை குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். அடுத்த மேகத்துக்கும் காத்திருந்து பார்த்தார்.

"அடங்குது. ஆனா நிக்கல," என்றார்.

"இது கையளவு பேனல் மாமா," என்றேன். "நெலத்துக்குன்னா வரிசையா பெருசு பெருசா வெப்பாங்க. மேகம் வந்தா கம்மியா வரும், அவ்ளோதான்."

"சரி. ராத்திரிக்கு?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ராத்திரி ஓடாது மாமா."

"அப்ப ராத்திரில நான் என்னா பண்றது?"

"தூங்குங்க," என்றார் அத்தை.

மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை நடுவில் புகுந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"ராத்திரி ஓடாத மோட்டாருதான் எனுக்கு வேணும்," என்றார் அத்தை. "ராத்திரி ஓடறது இருக்கறதாலதானே நீங்க போறீங்க. உங்க பின்னாடி டார்ச்சு புடிச்சிக்கினு எத்தினி வருசமா வரேன். ஒரு நாளாச்சும் பயம் இல்லாம வந்ததில்லீங்க. ஒரு கெளை ஒடிஞ்சாலும் எனுக்கு உயிர் போய் உயிர் வருது."

"நீ பயந்தியா?" மாமாவுக்கு நிஜமாகவே நம்ப முடியவில்லை. "ஒரு வார்த்த சொல்லலியே நீ. தொணைக்கு, ஆசையா வரேன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"சொன்னா என்னை வூட்ல வுட்டுட்டு நீங்க தனியா போவீங்க. அதான் சொல்லல."

நான் அழுதுவிட்டேன். சிவராஜ் தண்ணீரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா மட்டும் குந்தின இடத்திலிருந்து எழவில்லை. அங்கிருந்தே, "டேய் சிவராஜு, அந்த மோட்டாருக்கு யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்னு நாளைக்கே விசாரி," என்றார்.

"சரி நைனா. ஆனா வர்றதுக்குக் கொஞ்சம் நாளாவும்."

"அதுவரைக்கும் நானும் டார்ச்சு எடுத்துக்கினு வரேன்," என்றார் அத்தை.

"வேணாம்," என்றார் மாமா. "பகல் முறை வர்ற வாரம் மட்டும் பாய்ச்சுவோம். மீதி நாள் காயற பூ காயட்டும்."

ஒரு பாத்தி வாடினால் இரண்டு நாள் சோறு இறங்காத மனிதர் அவர். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான புதிதில் எப்படிப் பார்த்திருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு, "இலைல போட்டது அப்பிடியே கெடக்குது, வந்து சாப்டுங்க," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மாமா பின்னாலேயே போனார்.